மைனஸ் நானூறு

டிசம்பர் 1, ஞாயிறு

எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருக்கிறது. எங்கள் கோயிலில் ஆர்கன் வாசித்த எலிசபெத் டீச்சர் மகன் வீட்டோடு இருக்க ஓசூருக்குக் கிளம்பிய அன்றைக்கே சொன்னேன், இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழு திண்டாடப்போகிறது என்று. என் சகலை தவசிங் பஹ்ரைன் வேலையை முடித்துக்கொண்டு பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பிய அன்றைக்கும் சொன்னேன், இனி இங்கே ஒரு காரியமும் பழைய மாதிரி நடக்காது என்று. யாரிடம் சொன்னேன் என்று கேட்டால், பல பேரிடம். பெயர்கள் இப்போது நினைவில்லை.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் கீத ஆராதனைக்கு முதல் ஒத்திகை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஆராதனை அது. கடைசியில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். கொயர் மாஸ்டர் எட்வின் சார் கட்டிய தாலாட்டை, கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு என் மனைவி பியூலா தனியாகப் பாடுவாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து அது அவள் பாட்டு. மிக்சரும் ஸ்பீக்கரும் நான். 'ஞானதுரை சவுண்ட் சர்வீஸ்' இல்லாமல் இந்தக் கோயிலில் ஒரு ஆமென் கூட வெளியே கேட்டதில்லை.

டீச்சர் போவதற்கு முன் தாலாட்டுக்கான வாசிப்பைப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனார். அதை ஓடவிட்டுத்தான் பாட வேண்டும். பதிவு ஐந்து கட்டை சுருதி. பியூலாவுக்கு ஜூன் மாதம் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனது. மூன்றாவது வரியில் பாட்டு நட்சத்திரத்துக்கு ஏறும் இடம் வந்தது. அவள் வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. பதிவு யாருக்கும் காத்திராமல் போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான்தான் நிறுத்தினேன்.

வெயிலில் வந்த களைப்பு என்றாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

இரண்டு கட்டை இறக்கி, மூன்றில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றார் எட்வின் சார். பியூலாவுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"எறக்குனாத்தான் பாட முடியும்னா மெர்சி பாடட்டும் சார். நான் கொயர விட்டு நின்னுக்கிடுதேன்."

மெர்சி அவளுடைய தங்கை, தவசிங்கின் மனைவி. இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான், வேறெதற்கு. எட்வின் சார் முடிவு சொன்னார்: இருபத்தொன்றாம் தேதி கடைசி ஒத்திகை. அதற்குள் பதிவை இறக்கிப் பியூலாவுக்குப் பொருந்திவிட்டால் அவள்தான் பாடுவாள். இல்லாவிட்டால் மெர்சி.

நான் எழுந்து நின்று, அதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன். கேசட் டெக்கின் மோட்டாருக்குப் பின்னால் ஒரு துளை. உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூ. அதை நூல் பிசகாமல் திருப்பினால் எந்தப் பாட்டும் எந்தச் சுருதிக்கும் இறங்கும். இந்த வித்தையைப் பார்க்கவென்றே ரேடியோ ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

தவசிங் கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாகச் சொன்னான். "ஸ்க்ரூவத் திருகுனா சுருதியோட வேகமும் சேந்து எறங்கிருமே அண்ணாச்சி. மதினிக்கு வேணும்னா நான் கம்ப்யூட்டர்ல பாத்துத் தாரேன்."

சொல்லிவிட்டு ஒரு புன்னகை. அந்தப் புன்னகையை விமான நிலையத்தில் விற்பார்கள் போலிருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

தவசிங்குக்கு அறுபதை நெருங்கியும் ஒரு நரைமுடி கூட இல்லை. சாயம்.

டிசம்பர் 4, புதன்

காலையில் கோயில் கோபுரத்துக்கு சீரியல் விளக்கு ஏற்றினேன். பாதி எரியவில்லை. எலி கடித்திருக்கிறது.

மத்தியானம் டீச்சரின் பதிவைக் கேசட்டில் இறக்கி, ஸ்க்ரூவைத் திருப்பி, மூன்று கட்டைக்குக் கொண்டுவந்தேன். பிரமாதமாக இறங்கியது. கொஞ்சம் நிதானமாகவும் ஆனது. தாலாட்டு என்றால் நிதானம்தானே அழகு. பிள்ளையை ஓட ஓட விரட்டியா தூங்கவைப்பார்கள்?

பியூலாவைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினேன். பாடவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். இரண்டாவது வரி நீண்டுகொண்டே போன இடத்தில் தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"கல்லறையில பொட்டி எறக்கும்போது பாடுத மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அவளுக்கு இன்றைக்கு உடம்பு அசதி. இல்லாவிட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். இதே டெக்கில் இறக்கிய பாட்டைக் கேட்டு, ரேடியோ ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் வந்த நாலு பேரும் வாயடைத்து நின்றார்கள்.

டிசம்பர் 7, சனி

பியூலாவே கேட்டுக்கொண்டதால் அவளோடு தவசிங் வீட்டுக்குப் போனேன். நானாகப் போகவில்லை.

மடிக்கணினியைத் திறந்தான். முள் ஆடும், விளக்கு எரியும், பித்தான்கள் வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனால், ஒரு கறுப்பு ஜன்னல். அதில் வெள்ளையாக ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் சாக்பீஸ் வைத்தது போல. அதில் ஒரே ஒரு வரி தட்டினான். என்டர் பட்டனை அமுக்கினான். அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்கிறான்.

மென்பொருளின் பெயர் சாக்ஸாம். காலுக்கா என்று கேட்டேன். மெர்சி சிரித்தாள், பியூலா சிரிக்கவில்லை.

தவசிங் விளக்கினான். மூன்று சொற்கள் இருக்கின்றன. 'ஸ்பீட்' என்று அடித்தால் என் ஸ்க்ரூ செய்கிற வேலை, சுருதியும் வேகமும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். 'டெம்போ' என்றால் வேகம் மட்டும் மாறும், சுருதி இருந்த இடத்தில் இருக்கும். 'பிட்ச்' என்றால் சுருதி மட்டும் மாறும், பாட்டின் நடை மாறாது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து, கறுப்போ வெள்ளையோ, ஒட்டின கட்டைக்குப் போக நூறு. இறக்குவதென்றால் முன்னால் மைனஸ் போட வேண்டும். தாலாட்டுக்கு அவன் போட்டது பிட்ச் மைனஸ் முந்நூறு. பிறந்ததிலிருந்து தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

இன்னொன்றும் காட்டினான். மேல்நோக்கிய அம்புக்குறி உள்ள பட்டனை அமுக்கினால், கடைசியாக அடித்த வரி தானாக வந்து நிற்கிறது. அதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி மறுபடி என்டர் அமுக்கலாம். டீச்சரின் மூலப் பதிவு அப்படியே இருக்கும்; முன்பு இறக்கியது போய்ப் புதிதாக இறக்கியது அதே பெயரில் வந்து உட்கார்ந்துவிடும். மனிதன் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதே இல்லை. இதற்குப் போய் ஊரில் இவ்வளவு பெயர்.

இதே யோசனை எனக்குக் கேசட் காலத்திலேயே வந்தது, கைகொடுக்க ஆளில்லாமல் விட்டுவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.

"இருக்கும் அண்ணாச்சி" என்றான்.

அந்த 'இருக்கும்' என்பதை ராத்திரி வரை அவன் குரலிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

பதிவை ஓடவிட்டான். சுருதி இறங்கியிருந்தது, நடை அப்படியே இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் மோசமில்லை. பியூலா கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தாள். முடிந்ததும், "டீச்சரே எறக்கி வாசிச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றாள். நான் செட் போடாத விசேஷம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அதில் எதைப் பற்றியும் அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: சத்தத்தைக் குறைங்க.

டிசம்பர் 8, ஞாயிறு

மதியம் சீலா மீன் குழம்பு. பியூலா வாயைத் திறந்தால் தவசிங் தம்பி அப்படிச் சொன்னார், தவசிங் தம்பி இப்படிச் சொன்னார். முள் எடுக்காமல் சாப்பிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

பியூலா காலையிலேயே தங்கை வீட்டுக்கு அச்சுமுறுக்கு சுடப் போய்விட்டாள். எங்கள் வீட்டு அச்சு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே அடுப்பு பெரிது என்று காரணம் சொன்னாள்.

மத்தியானம் ஸ்பீக்கர் ஸ்டாண்டு ஒன்றை வெல்டிங்குக்குக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தேன். அந்த வழிதான் சுற்று வழி என்றாலும் நிழல் இருக்கிறது. தவசிங் வீட்டு மதிலுக்கு வெளியே நின்று சைக்கிள் செயினைச் சரி செய்துகொண்டிருந்தபோது கேட்டது.

பியூலா பாடிக்கொண்டிருந்தாள்.

முதல் வரி, இரண்டாவது வரி. பிறகு பதிவு நின்றது. தவசிங் ஏதோ சொன்னான், சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து.

ஜூனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் ஒரு வரி பாடியதில்லை. குளியலறையில் கூட இல்லை. முன்பெல்லாம் நான் சாப்பிட உட்கார்ந்தால் அடுப்படியிலிருந்து பாட்டு வரும். அதை நான் பெரிதாகக் கவனித்ததில்லை, மின்விசிறிச் சத்தத்தைக் கவனிக்கிறோமா. இப்போது எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்றுதான் பாடுவதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் முன்னைவிட இனிமையாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கோயிலில் சொன்னேன், சந்தையில் சொன்னேன், குருவானவரிடமும் சொன்னேன். அவள் மனது சந்தோஷப்படட்டும் என்றுதான். அதைக் கேட்ட அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும்.

சைக்கிள் செயின் கழலவே இல்லை. இருந்தாலும் எண்ணெய் போட்டது நல்லதுதான்.

வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய அச்சுமுறுக்கு வந்தது. எண்ணெய் வாடை. நான் தொடவில்லை. நாலைந்து மட்டும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கேரல் ரவுண்ட்ஸ். டெம்போ வேனில் ஜெனரேட்டர், இரண்டு பாக்ஸ், கிறிஸ்துமஸ் தாத்தா, நான். கீழத்தெரு முனையில் ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் வந்தது. இரண்டு தெருவாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கிட்டத்தட்ட பிடித்தும்விட்டேன். அதற்குள் தவசிங் வேனில் ஏறி ஒரு வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். இரைச்சல் நின்றது.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் கேக்கை முதலில் அவனிடம்தான் நீட்டினார்கள். கடைசி வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டு அவன் காலை நக்கியது. அந்த நாயைக் குட்டியாகத் தூக்கிவந்து அந்த வீட்டுக்குக் கொடுத்தவனே நான்.

டிசம்பர் 18, புதன்

பிடித்துவிட்டேன்.

கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கணக்குப் போட்டேன். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். நடுவில் நிற்கும் கறுப்புக் கட்டை அரை. ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டும் என்றார் எட்வின் சார். ஐந்து, நாலரை, நாலு, மூன்றரை, மூன்று. ஒவ்வொரு அரைக்கும் நூறு. ஆக நானூறு. தவசிங் போட்டிருப்பது முந்நூறு.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கணக்குக்கு அது கூடத் தேவையில்லை.

பஹ்ரைனில் பெரிய அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தே நூறைக் குறைத்திருக்கிறான். முழுக்க இறங்காத பதிவில் பியூலா பாடுவாள், கீத ஆராதனை அன்று மூன்றாவது வரியில் மறுபடி காற்று வரும், அடுத்த வருஷத்திலிருந்து மெர்சி மெழுகுவர்த்தியைப் பிடிப்பாள். அச்சுமுறுக்கு, சிரிப்பு, மதினி மதினி என்ற உருகல் எல்லாம் இதற்குத்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால், சகலை மேல் பொறாமை என்பார்கள். எனக்கு என்ன பொறாமை?

டிசம்பர் 19, வியாழன்

மழை. கடையைத் திறக்கவில்லை. தவசிங்கின் செருப்பு ஒரு ஜோடி எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது, நேற்று மழைக்கு ஒதுங்கியபோது விட்டுப்போனதாம். என் கால் அளவுதான். போட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

டிசம்பர் 21, சனி

காலையில் கடைசி ஒத்திகை. பியூலா எழுந்து நின்றாள். மெர்சி ஓடிப்போய் அவள் முந்தானையைச் சரி செய்தாள். நடிப்பு. தவசிங்கின் மடிக்கணினியை மிக்சரில் இணைத்து நான் பதிவை ஓடவிட்டேன், அவனுடைய முந்நூறு.

பாடிவிட்டாள். முழுப் பாட்டும். மூன்றாவது வரியும் வந்தது. எட்வின் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப பியூலாதான் பாடுதா, அதுல மாத்தமில்ல" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மெர்சிதான் அதிகம் தட்டினாள். அதை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து ஒன்றைப் பார்த்தேன். மிக்சர் பக்கவாட்டில் இருப்பதால் எனக்கு அவள் இடது பக்கம் தெரியும். மூன்றாவது வரி ஏறும் இடத்தில் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய், தழும்பின் மேல் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சத்தம் வந்தது, ஆனால் இழுத்துக்கொண்டு வந்தது. கட்டில் அடியில் மாட்டிக்கொண்ட சேலையை இழுப்பது போல.

இன்னும் கொஞ்சம் இறக்கலாமா மதினி என்று தவசிங் கேட்டான். அவள் போதும் தம்பி, இதுவே போதும் என்றாள். ஏற்கெனவே இரண்டு கட்டை இறக்கியாயிற்று, இன்னும் கேட்க அவளுக்கு வாய் வராது. எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பசிக்கிறது என்று சொல்லவே அவளுக்கு ஒரு வருஷம் ஆனது.

கணக்கும் முந்நூறு போதாது என்கிறது, கழுத்தும் போதாது என்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மத்தியானம் செருப்பைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் தவசிங் வீட்டுக்குப் போனேன். அவன் ஏணியில் நின்று நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான். மெர்சி எனக்கு டீ போட உள்ளே போனாள். மேசையில் மடிக்கணினி திறந்தே இருந்தது. கறுப்பு ஜன்னல், மின்னும் கோடு.

மேல் அம்பை அமுக்கினேன். அந்த வரி வந்து நின்றது, கடைசியில் மைனஸ் முந்நூறு. மூன்றை அழித்தேன். நாலு போட்டேன். என்டர்.

மெர்சி டீயோடு வந்தாள். டீ கொஞ்சம் சிந்தியது, தம்ளர் சரியில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

எழுத ஆரம்பித்தால் நிற்காது. இருந்தாலும் எழுதுகிறேன், பின்னால் யாராவது கேட்பார்கள்.

காலை ஆராதனைக்கு முன் தவசிங் அவசர அவசரமாகப் பென்டிரைவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். போட்டுக் கேட்டாயா என்று கேட்டேன். நேற்றுதான் கேட்டோமே அண்ணாச்சி என்றான். நல்லது என்றேன்.

மாலையில் கோயில் நிரம்பி, வெளியே பந்தலும் நிரம்பி, மதில் மேலும் ஆட்கள். ஆயிரம் பேருக்குக் குறையாது, இரண்டாயிரம் என்றுகூடச் சொல்லலாம். எல்லாப் பாட்டும் முடிந்து விளக்குகள் அணைந்தன. பியூலா மெழுகுவர்த்தியோடு நடுவில் வந்து நின்றாள். நான் பென்டிரைவில் தாலாட்டை அமுக்கினேன்.

முதல் சத்தம் வந்தது. கோயில் தரையே ஒரு படி கீழே போன மாதிரி இருந்தது. எட்வின் சாரின் தலை சட்டென்று திரும்பியது. இரண்டாவது வரிசையில் மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பியூலா நிமிர்ந்து மிக்சர் பக்கம் பார்த்தாள். இருட்டில் அவளுக்கு என்னைத் தெரிந்திருக்காது. எனக்கு அவளைத் தெரிந்தது, மெழுகுவர்த்தி அவள் கையில்தானே இருந்தது. அந்த முகம் பயந்திருந்தது. நிறுத்தலாமா என்று கை பட்டனுக்குப் போனது. சரிபார்க்கத்தான் போனது.

பாட வேண்டிய இடம் வந்தது. பாடினாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கோயிலில் கேட்டதில்லை. வீட்டில் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது நெற்றியில் கை வைத்துப் பேசுவாளே, அந்தக் குரல். அவளுடைய பழைய குரல் கோன் ஸ்பீக்கர், நாலு ஊருக்குக் கேட்கும். இது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிற குரல். இரண்டாவது வரியில் பயம் போய்விட்டது. மூன்றாவது வரி வந்தது. நான் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெழுகுவர்த்தியை விட்டு அசையவில்லை. பாட்டு ஏறியது, அவளும் கூடவே ஏறினாள், யாரும் இழுக்கவில்லை.

கோயிலில் ஓர் இருமல் கிடையாது. பந்தலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அதுவும் நிறுத்திவிட்டது. முடிந்தபின் விளக்கைப் போட மறந்துவிட்டார்கள். நானும் மிக்சரில் ஏதோ மறந்துவிட்டேன், அடுத்த ஜெபத்துக்கு மைக் வேலை செய்யவில்லை.

இதெல்லாம் நான் திட்டமிட்டுச் செய்தது. பியூலாவின் குரலுக்கு எத்தனை இறக்க வேண்டும் என்று இந்த ஊரில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

கூட்டம் கேக்குக்கும் டீக்கும் வாசலுக்குப் போனதும் பியூலா நேராக மிக்சரிடம் வந்தாள். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தாள். "நீங்க எறக்குனதுதான? எனக்குத் தெரியாதா?" என்றாள்.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் எட்வின் சார் கடைக்கு வந்தார். மூன்று கட்டை என்றுதானே பேசினோம், நேற்று இரண்டரையில் அல்லவா ஓடியது என்றார். நான் என் கணக்கைச் சொன்னேன். நாலு, மூன்றரை, மூன்று என்று விரல் மடக்கிக் காட்டினேன்.

சார் என் விரலைப் பிடித்து நிறுத்தினார். "மூணுக்கும் நாலுக்கும் எடையில கறுப்பே கெடையாதே துரை. மூணர எங்க இருக்கு?"

பக்கத்துக் கடையில் பழுதுக்கு வந்திருந்த ஆர்மோனியத்தைப் போய்ப் பார்த்தேன். கிடையாதுதான். இரண்டு வெள்ளைக் கட்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தவசிங்கின் முந்நூறு சரி. எனக்கு இது தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அதோடு தப்புக் கணக்கில் சரியான விடை வருவதற்கும் ஒரு கை வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் தவசிங்கே வந்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"காலைல மேல் அம்ப அமுக்குனேன் அண்ணாச்சி. நானூறுன்னு வந்துச்சு."

எலி ஓடியிருக்கும் என்றேன்.

"நான் மதினிட்ட ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்." எழுந்தவன் வாசலில் நின்று திரும்பினான். "கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. அவுகளுக்கு எட்டலன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நான் ரெண்டு வாரம் பக்கத்துல இருந்து கேட்டேன். எனக்குத் தெரியல."

கழுத்து என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஊர் மெச்சுகிற அந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டிருக்கலாம். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். இப்போது அந்தப் பெருந்தன்மையும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் போனாலும் அவன் முன்னால் போய் நிற்கிறான்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். சாப்பிட்ட தட்டை இன்னும் எடுக்கவில்லை, கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பியூலா அடுப்படியில் முந்திரிக்கொத்துக்கு மாவு கரைக்கிறாள். பாடிக்கொண்டே கரைக்கிறாள். நேற்றைய சுருதியில், அதே குரலில். மூன்றாவது வரியை இரண்டு தடவை பாடினாள், ஏறுகிற இடத்தை ருசி பார்க்கிற மாதிரி. போய்ச் சொல்லலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். சொல்ல வேண்டுமென்றால் முதலில் பொறாமையைச் சொல்ல வேண்டும், அப்புறம் திருட்டுத்தனத்தை, அப்புறம் தப்புக் கணக்கை. அதற்குள் பாட்டு நின்றுவிடும்.

அதனால் இங்கே மட்டும் ஒரு திருத்தம். மற்ற இடங்களில் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தாலும் அது கைப்பழக்கம். இது அப்படியல்ல.

நேற்று ஆராதனை முடிந்ததும் பியூலா மிக்சரைத் தாண்டித்தான் போனாள். வாசலில், கேக் தட்டோடு நின்ற தவசிங்கிடம் போய், அத்தனை பேருக்கு முன்னால் கேட்டாள். "அந்த மூணாவது வரி எனக்கு எட்டலன்னு ஒங்ககிட்ட நான் சொல்லவே இல்லியே தம்பி. எப்பிடிக் கண்டுபிடிச்சிய?" அவன் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் அவள் சொன்னது, எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு வெரசா வாங்க, பனி விழுது என்பதுதான். கையைப் பிடித்தாள், எனக்குத் தெரியாதா என்றாள் என்பதெல்லாம் நானாக எழுதிக்கொண்டது.